கொண்டை ஊசி வளைவில் ஓர் அணிப் பாடம்

வத்தலக்குண்டில் பஸ் ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே சாலை மலையைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஜன்னலோர இருக்கை, கையில் எலுமிச்சம்பழம், மடியில் தமிழ் இலக்கண நோட்டு என்று என் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்கு அவளைக் கொடைக்கானலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

நோட்டில் அணிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எடுத்துக்காட்டு. எல்லாம் மனப்பாடம். "பேரு கேட்டா சொல்லிடுவேன் மாமா. உதாரணத்தை மாத்திக் குடுத்தாத்தான் எது என்னன்னு தெரியல" என்றாள். பரீட்சையில் 'பனிப்போர்வை' வந்திருக்கிறது. உவமை என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டிருக்கிறாள். நானும் அந்த வயதில் அப்படித்தான் படித்தேன். 'முகத்தாமரை' என்றால் உருவகம். அதைத் தவிர உலகத்தில் வேறு உருவகமே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பலகை வந்தது: கொண்டை ஊசி வளைவு.

பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கொண்டையில் செருகுகிற ஊசி எப்படி இருக்கும்? போன கம்பி அப்படியே மடங்கித் திரும்பி வரும். சாலையும் அப்படித்தான் மடங்குகிறது. இதை முழுசாக விரித்துச் சொன்னால் 'கொண்டை ஊசியைப் போல மடங்கிய வளைவு' என்று வரும். இதில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது பொருள், அதாவது உவமேயம். இங்கே வளைவு. எதை எடுத்துவந்து பக்கத்தில் வைக்கிறோமோ அது உவமை. இங்கே கொண்டை ஊசி. இரண்டையும் கட்டுகிற கயிறு உவம உருபு. இங்கே 'போல'. இரண்டுக்கும் பொதுவான குணம் மடங்குதல். நான்கும் கண்ணுக்குத் தெரிந்தால் அது உவமை அணி. உருபு 'போல'வாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அன்ன, நிகர, ஒப்ப, மான, கடுப்ப, புரைய என்று பழைய பாட்டில் நிறைய உண்டு. பேச்சில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'மாதிரி' ஒன்று போதும்.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். பலகையில் 'போல'வும் இல்லை, 'மடங்கிய'வும் இல்லை. கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். உருபு மறைந்து நிற்பதால் இது உவமைத்தொகை. தொகை என்றால் தொக்கி நிற்பது, அதாவது ஒளிந்து நிற்பது. வளைவு திரும்பியதும் பின்னால் இருந்த ஒருவர் கண்டக்டரிடம், "இன்னும் எத்தனை கொண்டை ஊசிண்ணே இருக்கு?" என்று கேட்டார். இப்போது வளைவும் காணாமல் போய்விட்டது. உவமையின் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. இதற்கு உவமையாகு பெயர் என்று பெயர். 'பாவை வந்தாள்' என்று பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதே கதைதான்.

அவளிடம் சொன்னேன்: "பேரை விடும்மா. நாலுல எது காணோம்னு மட்டும் பாரு."

அடுத்த ஒரு மணி நேரம் இந்த விளையாட்டுக்கு மலையே கேள்வித்தாள் கொடுத்தது. டம் டம் பாறையில் நின்று பார்த்தால் எதிரே தூரத்தில் மலைச்சரிவில் மெல்லிசாக ஒரு நீர்க்கோடு தெரியும். தலையாறு அருவி. சுமார் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஊர் மக்கள் அதை எலிவால் அருவி என்பார்கள். அதே சாலையில் இன்னும் மேலே, ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரத்திலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி. பஸ் நிற்கிறதோ இல்லையோ, எல்லா மொபைல்களும் ஜன்னல் பக்கம் நீளும். இரண்டிலும் 'போன்ற' மறைந்திருக்கிறது. இரண்டும் உவமைத்தொகை. ஆனால் எலியின் வாலும் வெள்ளியும் வெவ்வேறு காரணத்துக்காக வந்திருக்கின்றன. வால் என்பது வடிவத்துக்காக, வெள்ளி என்பது நிறத்துக்காக.

இந்த வேறுபாட்டை முதலில் எழுதிவைத்தவர் தொல்காப்பியர். 'வினை பயன் மெய் உரு என்ற நான்கே' உவமை தோன்றும் இடம் என்கிறார் உவமவியலில். செயலால் ஒப்பிடலாம், பயனால் ஒப்பிடலாம், வடிவத்தால் ஒப்பிடலாம், நிறத்தால் ஒப்பிடலாம். எலிவால் மெய். வெள்ளி உரு. மழைக்காலத்தில் சோலைக்காட்டுக்குள் போய்வந்தவர்களுக்கு வினை உவமை சொல்லித்தர வேண்டியதில்லை. 'அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டான்' என்று யாரையாவது திட்டியிருப்பார்கள். அட்டையின் நிறமும் உருவமும் அந்த ஆளிடம் இல்லை, ஒட்டுகிற வேலைதான் இருக்கிறது. பயனுக்கு மழையைச் சொல்லலாம். வாரி வழங்குகிறவரை மழை என்கிறோமே, அவர் நனைப்பார் என்றா சொல்கிறோம்?

தொல்காப்பியத்தில் அணி என்று தனி இயலாக வைத்துப் பேசப்படுவது உவமை மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த தண்டியலங்காரம் பொருளணி 35 என்று பிரித்தது. பட்டியல் நீண்டதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் பாதி இந்த உவமையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

நல்ல உவமை எப்படி இருக்கும் என்று கேட்டால் இந்த மலைத்தொடரை வைத்தே ஒன்று காட்டலாம். அகநானூற்றின் முதல் பாட்டில் பொதினி என்ற மலை வருகிறது. இன்றைய பழனிதான் அது என்பார்கள். பாடியவர் மாமூலனார். காதலன் 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பிரிந்து போய்விட்டான். அந்தச் சொல்லை மறந்துவிட்டாரா என்று தலைவி கேட்கிறாள். எப்படிப்பட்ட பிரியாமை? 'சிறுகாரோடன் பயினொடு சேர்த்திய கற்போல்'. காரோடன் என்பவன் சாணைக்கல் செய்கிறவன். பயின் என்பது அரக்கு. சாணை பிடிக்கிறவன் அரக்கு வைத்து இறுக்கிய கல்லைப் போலப் பிரியாமல் இருப்போம் என்றானாம். பூவையும் நிலவையும் விட்டுவிட்டு ஒரு பட்டறைச் சாமானை எடுத்திருக்கிறார் மாமூலனார். அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அது கையில் தட்டுப்படுகிறது. உவமை பழக்கப்பட்டதாக இருந்தால் பொருள் உடனே விளங்கிவிடும், மனத்தில் தங்காது. நிலவு போன்ற முகத்தைப் பார்த்துப் பார்த்து நமக்கு நிலவும் தெரிவதில்லை, முகமும் தெரிவதில்லை.

சரி, பனிப்போர்வைக்கு வருவோம். அவள் மதிப்பெண் இழந்த இடம்.

'போர்வை போன்ற பனி' என்று சொல்ல நினைத்தால் அதைச் சுருக்கினால் 'போர்வைப் பனி' என்று வரும். உவமை முன்னால், பொருள் பின்னால். எலிவால் அருவியிலும், கொடைக்கானலில் தூண்கள் மாதிரி நிற்கிற தூண் பாறையிலும் இதே வரிசைதான். 'பனிப்போர்வை' என்றதும் வரிசை தலைகீழாகிவிட்டது. பொருள் முன்னால் வந்து, உவமை பின்னால் போய்விட்டது. இப்போது நடுவில் 'போன்ற' என்று போட்டுப் பார்த்தால் ஒட்டாது. 'ஆகிய' என்று போட்டால் ஒட்டும். பனியாகிய போர்வை. பனி வேறு போர்வை வேறு என்ற பேச்சே போய்விட்டது, இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்கிறோம். இது உருவகம். ஒன்று இன்னொன்றின் உருவை எடுத்துக்கொள்கிறது.

"அப்ப தூண் பாறையைத் திருப்பிப் பாறைத்தூண்னு போட்டா உருவகமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லக் கூடாது. பாறையாகிய தூண் என்றால் உருவகம். ஆனால் பாறையால் செய்த தூண் என்றும் அதற்குப் பொருள் வரும். கோயில் மண்டபத்தில் நிற்கிற கல்தூணை உருவகம் என்று எழுதினால் முட்டைதான் கிடைக்கும். அது உண்மையிலேயே கல்லால் ஆன தூண். ஆகவே வரிசையை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டும் நிஜமாகவே வெவ்வேறு பொருளா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் நோட்டுப் புத்தகங்கள் கொஞ்சம் ஏமாற்றிவிடுகின்றன.

பெருமாள்மலை வந்ததும் பஸ்ஸில் யாரோ ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பஸ் எங்கே சிரிக்கும்? பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இடத்தின் பெயர் அங்கே இருக்கிற ஆட்களுக்கு ஆகிவந்தது. இது இடவாகு பெயர். இங்கே ஒப்புமை ஒன்றும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸும் பயணிகளும் ஒருவரை ஒருவர் போல இல்லை, சேர்ந்து இருக்கிறார்கள், அவ்வளவுதான். உவமையும் உருவகமும் ஒற்றுமையில் பிழைக்கின்றன. ஆகுபெயர் பெரும்பாலும் உறவில் பிழைக்கிறது. மேலே சொன்ன உவமையாகு பெயர் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற பிள்ளை.

எங்கள் ஊர்ப் பக்கம் 'இந்தத் தடவை கேரட் போட்டிருக்கோம்' என்பார்கள். கேரட் என்பது மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. போட்டிருப்பது செடி. உறுப்பின் பெயர் முழுச் செடிக்கும் ஆகிவந்தால் சினையாகு பெயர். பூண்டுக்கு இதைச் சொல்ல முடியுமா என்று தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். பூண்டு விவசாயி நடுவது பூண்டுப் பல்லைத்தான், அதனால் 'பூண்டு நட்டேன்' என்பது நேர்ப்பொருளாகவும் இருக்கலாம். இருக்கட்டும். அந்தப் 'பல்' எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அதுவும் ஒரு காலத்தில் யாரோ சொன்ன உவமைதான். தேய்ந்துபோய் இப்போது வெறும் பெயராக நிற்கிறது.

ஆகுபெயரில் எனக்குப் பிடித்தது குறிஞ்சி. முதலில் அது ஒரு செடி. 12 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கிற நீலக்குறிஞ்சி, பழனி மலையிலும் நீலகிரியிலும் உண்டு. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. செடியின் பெயர் பூவுக்கு வந்தது. பூவின் பெயர் அது பூக்கிற மலைக்கும் மலை சார்ந்த இடத்துக்கும் போனது. அங்கிருந்து அந்த நிலத்துக்குரிய ஒழுக்கமான தலைவன் தலைவி கூடலுக்கும் போனது. ஒரு பண்ணுக்கும் அதே பெயர். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அங்கே குறிஞ்சி என்றால் பூ என்று நினைத்தாலும் சரி, நிலம் என்று நினைத்தாலும் சரி, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒரு செடி இத்தனை தூரம் நடந்திருக்கிறது.

குறுந்தொகை மூன்றாம் பாட்டில் அந்தச் செடி வருகிறது. தேவகுலத்தார் பாடியது, தலைவி பேசுகிறாள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல் இரண்டு அடிகளில் அவள் தன் காதலை நிலத்தோடும் வானத்தோடும் கடலோடும் பக்கத்தில் வைக்கிறாள், ஆனால் 'போல' என்று சொல்லவில்லை. நிலத்தைவிடப் பெரிது, வானத்தைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது. உவமையைத் தோற்கடிப்பதற்காகவே அழைத்து வந்திருக்கிறாள். நம் நோட்டில் இதை உயர்வு நவிற்சி என்று போடலாம். உள்ளதை உள்ளபடி சொல்லாமல் உயர்த்திச் சொல்வது அது. 'குளிர்ல பல்லெல்லாம் கொட்டிப்போச்சு' என்று ஜனவரியில் நாங்கள் சொல்வதும் அந்த இனம்தான், தரம் மட்டும் வேறே. உள்ளதை உள்ளபடியே சொன்னால் இயல்பு நவிற்சி. அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

பின் இரண்டு அடிகள்தான் கனமானவை. மலைச்சரிவில் கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவைக் கொண்டு தேனீக்கள் பெரிய தேனடையைக் கட்டுகிற நாட்டுக்காரன் அவன். மேலோட்டமாகப் பார்த்தால் இது அவனுடைய ஊரின் விலாசம். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். எங்கோ ஒரு மூலையில் பூத்த சின்னச் சின்னப் பூவிலிருந்து துளித் துளியாக எடுத்துப் பெருந்தேன் ஆக்குகின்றன தேனீக்கள். காதலும் அப்படித்தானே வளர்ந்திருக்கும்? ஆனால் தலைவி அதைச் சொல்லவில்லை. உருபும் இல்லை, பொருளும் இல்லை, உவமை மட்டும் ஊர் வர்ணனையின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இப்படி நிலத்தின் கருப்பொருளுக்குள் ஒப்புமையை ஒளித்து வைப்பதை உள்ளுறை உவமம் என்பார்கள். சங்கப் பாட்டைப் படிக்கும்போது பூவும் விலங்கும் பறவையும் வந்தால் வர்ணனைதானே என்று தாண்டிப் போகிறவர்கள் பாதிப் பாட்டைத் தவறவிடுகிறார்கள். நானும் பல வருஷம் தவறவிட்டவன்.

உவமையை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளை விழுங்கிவிடுவதை வீட்டுப் பெரியவர்கள் தினமும் செய்வார்கள். பழமொழி என்பதே அதுதான். கேரட் மூட்டையை அளவுக்கு மேல் ஏற்றிய லாரி எங்களுக்கு முன்னால் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் குறள் ஞாபகம் வந்துவிட்டது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்.' மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். வள்ளுவர் இங்கே வண்டியைப் பற்றியா பேசுகிறார்? அதிகாரம் வலியறிதல். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டே போனால் வலியவனும் ஒருநாள் முறிவான் என்பது கருத்து. அதை அவர் வாயால் சொல்லவே இல்லை. இது பிறிது மொழிதல்: ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிறிதொன்றைச் சொல்வது.

இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாத இன்னொன்று உண்டு. 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.' இங்கே உவமையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, இரண்டும் தனித்தனி வாக்கியங்கள். நடுவில் 'அதுபோல' மட்டும் இல்லை. இது எடுத்துக்காட்டு உவமை. எது காணோம் என்று கேட்டால் இரண்டும் கலக்காது. அங்கே பொருளைக் காணோம், இங்கே உருபைக் காணோம்.

எதையுமே மறைக்காமல் ஒரே சொல்லில் இரண்டு பொருளை உட்கார வைப்பது சிலேடை. மலைக்காரர்களுக்கு இதற்கு 'வேங்கை' போதும். வேங்கை என்றால் புலி, வேங்கை என்றால் மஞ்சள் பூப் பூக்கிற மரம். 'காட்டுக்குள்ள வேங்கை நிக்குது' என்று சொல்லுங்கள். கேட்டவர் ஓடவும் செய்யலாம், நின்று வேடிக்கை பார்க்கவும் செய்யலாம். 'வேங்கை பூத்திருக்கு' என்றால் சிலேடை செத்துப்போகும். இரண்டு பொருளுக்கும் பொருந்துகிற வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதில்தான் சிலேடைக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது. குறுந்தொகை 47ஆம் பாட்டில் ஒரு வேடிக்கை. வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கிற பாறை புலிக்குட்டியைப் போலத் தெரிகிறதாம். இரண்டுக்கும் ஒரே பெயர் கையில் தயாராக இருந்தும் அந்தப் புலவர் சிலேடைப் பக்கம் போகாமல், 'இரும்புலிக் குருளையின் தோன்றும்' என்று உவமையாகவே வைத்துவிட்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் அவளைத் தூண் பாறைக்கு அழைத்துப் போனேன். சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் நெட்டுக்குத்தாக நிற்கிற இடம். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "கூட்டத்தைப் பாத்ததும் வெக்கப்பட்டு மூஞ்சிய மூடிக்கிச்சு" என்றார். விடுபட்டிருந்த கடைசிப் பாடத்தை அவரே நடத்திவிட்டார். மஞ்சு ஏறுவது தானாக நடக்கிற விஷயம். அதற்கு இவர் தன் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்கிறார். தன் குறிப்பை ஏற்றுவது, தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவது கோவலனையும் கண்ணகியையும் 'வர வேண்டாம்' என்று கைகாட்டுவது போல இருந்தது என்று வருமே, அதே அணி.

இந்த மலைக்கு அதைவிடப் பழைய சொந்தக்காரர் ஒருவர் உண்டு. ஆவியர் குடித் தலைவன் பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மயில் தன் இயல்புக்கு அகவியது. அது குளிரில் நடுங்குகிறது என்று இவனாக ஒரு காரணத்தை ஏற்றிக்கொண்டான். புலவர்கள் அணியைப் பாட்டில் வைப்பார்கள். பேகன் அதை நம்பித் தன் போர்வையையே கழற்றிக் கொடுத்துவிட்டான். தமிழில் தற்குறிப்பேற்றத்துக்காகக் குளிரில் நின்ற ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். மஞ்சு விலகவில்லை. எங்களோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வெள்ளையைப் பின்னால் வைத்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"மாமா, உருபும் இல்ல, தூணும் இல்ல, பாறையும் இல்ல. இதுக்கு என்ன பேரு?" என்றாள்.

தண்டியலங்காரத்தின் 35இல் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. மிளகாய்ப்பொடி தடவி இரண்டு சோளக்கதிர் வாங்கினோம்.